மூலை நாற்காலி

மார்ச் 6

அன்புள்ள அச்சுக்கு,

'அன்புள்ள' என்பதை இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன். பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்.

ஐந்து நாளில் பதினோரு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. நம் நாலு பேர் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிட்டாய். நேரில் வந்து கதவைத் தட்டலாம் என்றால், நீ திறக்காவிட்டால் தெருவில் நின்று கத்திவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. அதனால்தான் தபால். தபால்காரர் நீட்டினால் வாங்கித்தானே ஆகவேண்டும்.

டீச்சரும் வக்கீலம்மாவும், "உங்க ரெண்டு பேருக்குள்ள என்னடி சண்டை?" என்று என்னைப் பிடுங்கி எடுக்கிறார்கள். சண்டை போட வேண்டியவள் நான். நீ முறுக்கிக்கொண்டு போவது என்ன நியாயம்?

ஏழு வருஷமாக, மாதத்தின் முதல் ஞாயிறு மதியம், இந்த ஊரில் ஒரு புது இடத்தில் சாப்பிடுகிறோம். ஆளுக்கொரு முறை இடம் தேர்ந்தெடுக்கிறோம். ஒருமுறை போன இடத்துக்கு மறுமுறை போனதில்லை. போன ஞாயிறு என் முறை. பதினோராம் மாடியில் இருக்கும் அந்த உணவகத்தை நான் பிடித்ததே, கூட்டமும் பாட்டுமாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும் என்றுதான். சூப் வந்ததும் சொன்னேன். என் கணவர் பெட்டியோடு கிளம்பிவிட்டார், இனிமேல் திரும்பி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்றேன். பதினெட்டு வருஷக் குடித்தனம், அச்சு.

நீ என்ன செய்தாய்? முகமெல்லாம் மலர்ந்து, "ரொம்ப நல்லது! இதுக்கு ஐஸ்கிரீம் சொல்லியே ஆகணும்" என்று பரிமாறுகிறவரைக் கை தட்டிக் கூப்பிட்டாய்.

டீச்சர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். நான் எழுந்து போய்விட்டேன். அதற்கப்புறமும் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய்?

இப்படிக்கு,
கண்ணாடி

மார்ச் 11

அன்புள்ள கண்ணாடிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என்னை மன்னித்துவிடு. அன்றைக்கு எனக்கு மண்டையைப் பிளக்கிற தலைவலி. ஏதோ ஞாபகத்தில் உளறிவிட்டேன்.

அவர் எப்போது போனார்? இப்போது எங்கே இருக்கிறார்? வீட்டில் நீ தனியாகவா இருக்கிறாய்? கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதே. அடுப்பை மூட்டி ஏதாவது செய்து சாப்பிடு.

அச்சகத்தில் பாடப்புத்தக வேலை குவிந்து கிடக்கிறது. இனி என்னால் முதல் ஞாயிறுகளில் வர முடியாது. நாலாவது ஆளாக வேறு யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். யாரும் தப்பாக நினைக்க வேண்டாம்.

அச்சு

மார்ச் 15

அச்சுக்கு,

தலைவலியாம்! தலைவலிக்காரி யாராவது கை தட்டி ஐஸ்கிரீம் கேட்பாளா?

அவர் எப்போது போனார் என்று கேட்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லை? நாள், கிழமை, எந்தப் பெட்டி என்பது வரை அந்த மேஜையில் சொன்னேன். அவருடைய அக்கா வீட்டு மாடியறையில் இருக்கிறார் என்றும் சொன்னேன். நீ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாய். நான் கரைந்துகொண்டிருக்கிறேன், உனக்கு அது காதிலேயே ஏறவில்லை. வேறு எதையோ நினைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்தில் பொம்மை மாதிரி ஆட்டியிருக்கிறாய்.

வாயைத் திறந்துவிட்டேன், மீதியையும் கேள். உன் முறை வரும்போதெல்லாம் நீ எங்களை எங்கே கூட்டிப்போனாய்? ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஒரு கேண்டீன். அங்கே நம்மைத் தவிர ஒரு நோயாளியின் மாமனார் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் மரச்சாமான் கடையின் மூன்றாம் மாடியில் இருக்கும் சாப்பாட்டுக் கூடம். அந்தச் சூப்பும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அக்கா தங்கை. ஈ காக்கை வராத இடமாக எங்கிருந்துதான் தேடிப் பிடிக்கிறாயோ என்று நாங்கள் சிரிப்போம், ஆனாலும் தின்றோம். எங்கே போனாலும் அரை மணி முன்னாலேயே போய், இடப்பக்கம் சுவர் இருக்கிற மூலை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பாய். ஒரே ஒரு தடவை டீச்சர் அதில் உட்கார்ந்துவிட்டாள் என்று அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். அதையும் பொறுத்துக்கொண்டோம், நம்ம அச்சுதானே என்று.

வேலை குவிந்து கிடக்கிறது என்று இன்னொரு தடவை எழுதாதே. நான் உனக்கு ஒரு பொருட்டே இல்லை என்றால் அதை நேராகச் சொல்லிவிடு. அவர் நேராகச் சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த மட்டுக்கும் அவர் தேவலை.

கண்ணாடி

மார்ச் 22

அன்புள்ள கண்ணாடிக்கு,

இந்தக் கடிதத்தை எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது. கிழித்துப் போட்ட தாள்களில் ஒரு சின்னப் புத்தகமே கட்டலாம்.

எனக்கு இடது காது கேட்காது. வலது காதில் பாதிதான் கேட்கிறது. மூன்று வருஷமாக இப்படி. தாள் மடிக்கிற இயந்திரத்தின் இரைச்சலுக்கு இடது காதைக் கொடுத்து இருபத்திரண்டு வருஷம் நின்றிருக்கிறேன், அது வாங்கிக்கொண்டது. காது டாக்டர் கருவி வைக்கச் சொன்னார். கருவியோடு உள்ளே போனால் மேற்பார்வையாளர் அன்றைக்கே என்னை எடுத்துவிட்டுப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு அனுப்பிவிடுவார். ஆபத்து மணி கேட்காதவளை இயந்திரத்தில் நிறுத்தமாட்டார்கள். மணி அடிக்கும்போது மேலே ஒரு சிவப்பு விளக்கும் எரியும். அதைப் பார்த்துப் பார்த்தே காலத்தை ஓட்டுகிறேன்.

ஈ காக்கை வராத இடமாகத் தேடியது, அங்கேதான் நீங்கள் பேசுவது எனக்குக் கேட்கும் என்பதால். சூப் கேவலம் என்று எனக்குத் தெரியாதா என்ன? இடப்பக்கம் சுவர் இருந்தால் நீங்கள் மூன்று பேரும் என் வலது காதுப் பக்கம் வந்துவிடுவீர்கள். டீச்சர் அங்கே உட்கார்ந்த அன்று இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை புரியாமல் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். நீங்கள் 'ச்சு' கொட்டுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் நானும் அப்படியே. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று அந்தப் பதினோராம் மாடியில் எனக்கு ஒரே இரைச்சல். உன் உதடு அசைவதுதான் தெரிந்தது. ஆனால் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், கண்ணாடி. பல்லெல்லாம் தெரியச் சிரித்தாய். நான் உன் முகத்தை நம்பினேன். ஏதோ நல்ல சேதி, உன்னைக் கடைக்கு மேலாளராகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

டீச்சர் கரண்டியை வைத்ததும் தப்பு நடந்துவிட்டது என்று புரிந்தது. என்ன தப்பு என்று புரியவில்லை. கேட்டால் குட்டு உடைந்துவிடும். நீ போன் செய்ததெல்லாம் தெரியும். எடுத்து என்ன செய்வேன்? உன் குரல் வரும், வார்த்தை வராது. அவர் போனதே உன் கடிதத்தைப் பிரித்துப் படித்தபோதுதான் எனக்குத் தெரியும். அச்சகத்து ஓய்வறையில் படித்தேன்.

நீ என்னைத் திட்டு. பேசாமலும் இரு. ஆனால் பாவப்பட்டு, வாயை அகலமாகத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகப் பேசிவிடாதே. அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

உன்,
அச்சு

மார்ச் 29

அடி பாவி,

மூன்று வருஷமா! உன்னை என்ன செய்தால் தகும்?

என் கடைக்கு வருகிறவர்கள் சில பேர், பார்வை நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள, எழுத்துப் பலகையின் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிப்பார்கள். நான் ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவேன். கண்டுபிடித்துவிட்டு அவர்களிடம், "யாரை ஏமாத்தப் பாக்கறீங்க?" என்று பெருமையாகக் கேட்பேன். நீ மூன்று வருஷம் என் எதிரிலேயே உட்கார்ந்து ஒப்பித்திருக்கிறாய், எனக்குத் தெரியவில்லை. உன் மேல் இருக்கிற எரிச்சலில் பாதி என் மேலேயே திரும்பிவிட்டது. மீதிப் பாதி அப்படியேதான் இருக்கிறது, நினைவில் வைத்துக்கொள்.

சிவப்பு விளக்கை நம்பி இயந்திரத்துக்குள் கை விடுகிறாயே, விளக்கு ஒருநாள் எரியவில்லை என்றால்? விரலைப் பொட்டலமாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவாயா? அதற்குத் தனியாக ஒரு சண்டை வைத்திருக்கிறேன். வக்கீலம்மா எதற்கு இருக்கிறாள்? காதுக்காக உன் வேலையை மாற்றச் சட்டத்தில் இடம் உண்டா என்று அவளிடம் கேட்கலாம், முதலில் நீ வாயைத் திறக்க வேண்டும். நான் அவளிடமோ டீச்சரிடமோ சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

டீச்சரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். அன்று நான் சிரித்தேனா என்று. "சிரிச்சியாவா? பல்பொடி விளம்பரம் மாதிரி சிரிச்சே. நாங்களே முதல்ல ஏதோ வேடிக்கைன்னுதான் நினைச்சோம்" என்றாள். அழுதால் பக்கத்து மேஜைக்காரர்கள் பார்ப்பார்களே என்று பல்லைக் காட்டியிருக்கிறேன். அதைப் பார்த்து நீ ஐஸ்கிரீம் கேட்டதற்கு ஒரு மாதமாக உன்னைத் தூற்றிக்கொண்டிருக்கிறேன்.

அவர் நேற்று வந்து, மிச்சம் இருந்த சட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்போதும் நான் சிரித்துத்தான் அனுப்பினேன். எனக்கு என்ன வியாதி என்றே தெரியவில்லை.

ஏப்ரல் ஐந்து ஞாயிறு. வக்கீலம்மாவின் முறை. அவளிடம் மல்லுக்கு நின்று நான் வாங்கிக்கொண்டேன். ஏழு வருஷத்து விதியை உடைத்து, போன இடத்துக்கே போகிறோம். மரச்சாமான் கடை, மூன்றாம் மாடி. அவர்கள் இருவரும் ஒரு மணிக்கு வருவார்கள். நீ பன்னிரண்டுக்கு வா. முன்னாலேயே ஓடி வந்து இடம் பிடிக்க வேண்டாம், மூலை நாற்காலியில் என் கைப்பை இருக்கும். உன் வலது பக்கம் நான் உட்கார்ந்துகொள்கிறேன். அந்தச் சூப்பைச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொல்கிறேன். வாயை அகலமாகத் திறக்கமாட்டேன், பயப்படாதே.

இந்தத் தடவை சிரிக்கவும் மாட்டேன்.

உன்,
கண்ணாடி