மஞ்சாடி வராத கைப்பிடி

தோவாளைப் பிள்ளைகளுக்கெல்லாம் தடுப்பு அச்சு குத்தி அம்மையைத் தள்ளி நிறுத்திய என் அருமை அண்ணாவுக்கு,

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் ஒரு எடுத்துக்காட்டு இல்லாமல் எனக்குப் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. முகம் அப்படியே உங்கள் மகள் செல்லம்மா. ஊரில் மறுபடி அம்மை கண்டிருக்கிறது. அச்சு குத்த வந்தவரை உங்கள் மனைவி, என் மைனி, வாசலோடு அனுப்பிவிட்டார்.

செல்லம்மாவுக்கு நீங்கள்தானே குத்தினீர்கள்? அதே குழல் மருந்தில் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அச்சு பிடித்ததற்கு அடையாளமாகக் கொப்புளம் எழும்பியது, உங்கள் மகளுக்கு எழும்பவில்லை. மறுபடி குத்த அடுத்த குழல் வருவதற்குள் அம்மை அவளைக் கொண்டுபோய்விட்டது.

"ஊர்ப் பிள்ளையளுக்கு நல்லதைக் குத்திட்டு, நம்ம பிள்ளைக்கு மிச்சத்தை வச்சிய" என்றார் மைனி. நீங்கள் மறுக்கவில்லை. உங்கள் கையையே நம்பாமல் வாழ்ந்து போய்ச் சேர்ந்தீர்கள்.

நேற்று ஒரு டாக்டரிடம் கேட்டேன். கொப்புளம் எழுப்பும் சத்து உப்பைப்போலச் சீராகக் கரைவதில்லையாம். விதைபோலச் சிதறிக் கிடக்குமாம். கிளிசரின் விட்டு மருந்தை நீர்க்க வைக்கும்போது, ஒன்றுமே இல்லாத சொட்டும் வருமாம். அது எந்தச் சொட்டு என்று எந்தக் கைக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்து, பானை நெல்லில் கொஞ்சம் சிவப்பு மஞ்சாடி விதையைக் கலந்து மைனி முன் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவர் பேரிலும் ஒரு பிடி அள்ளச் சொன்னேன். ஒரு பிடியில் இரண்டு சிவப்பு, இன்னொன்றில் நாலு. கீழ வீட்டு முத்துவின் பிடியில் வெறும் நெல்.

"ஏட்டி, நான் வேணும்னு விடலியே. நல்லாத்தானே கலக்கி அள்ளினேன்" என்றார்.

சொன்னவர் அந்த வெறும் நெல்லையே பார்த்தார். விரித்த கையை மூடவில்லை. "அவிய ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார்.

"அண்ணனுக்கும் தெரியாது மைனி" என்றேன்.

இந்தப் பானையை அன்றே உங்கள் முன் வைக்க எனக்குத் தெரியாமல் போயிற்றே அண்ணா. மஞ்சாடியும் இருந்தது, நெல்லும் இருந்தது. நீங்களும் இருந்தீர்கள்.

நாளை பேத்திக்கு அச்சு குத்துகிறோம். மடியில் வைத்துக்கொள்ளப்போவது மைனிதான். "எழும்பலேன்னா மறுபடியும் குத்தணும், கேட்டியா" என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.

எழும்பும்வரை தூக்கிக்கொண்டு போவேன் அண்ணா. எத்தனை முறையானாலும்.

உங்கள் கையை இன்றும் நம்பும்,
தங்கை