இருநூற்று முப்பதைப் பத்தால் வகுத்தேன், கோமு அக்கா

என் கோமு அக்காவுக்கு,

உன் கையில் தப்பே இல்லை! மற்றதெல்லாம் அப்புறம். இதைச் சொல்லும் அவசரத்தில் தென்காசியிலிருந்து இலஞ்சி வரை பஸ்ஸில் உட்காரவும் முடியாமல் நின்றுகொண்டே வந்தேன்.

உன் கல்யாணத்துக்கு அப்பா வாங்கித் தந்த கரண்ட் அடுப்பு நினைவிருக்கிறதா? முதலில் ஒழுங்காகத்தான் எரிந்தது. பிறகு நீ சுவிட்சைப் போட்டுக் கம்பி சிவந்ததுமே பியூஸ் போய் வீடு இருண்டுவிடும். உன் கொழுந்தன் சங்கரன் உனக்கு ‘இருட்டுக்கைக்காரி’ என்று பேர் வைத்தார். அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டைகூட எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு சாகும்வரை நீ ஒரு சுவிட்சைத் தொட்டாயா? விளக்குப் போடக்கூட யாரையாவது கூப்பிட்டாயே!

போன வாரம் நல்ல சாரல். நான் உன் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே கேஸ் தீர்ந்துவிட்டது. உன் மருமகள் பேச்சி பரணிலிருந்து அந்த அடுப்பை இறக்கினாள்.

“ஏட்டி, அத மாட்டாத! உன் மாமியா கை பட்ட அடுப்பு. பொறவு நீயும் இருட்டுக்கைக்காரிதான்” என்று கட்டிலில் இருந்தபடியே கத்தினார் சங்கரன்.

சுவிட்சுக்குப் போன பேச்சியின் கை அப்படியே பின்வாங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்பைச் சாக்கில் கட்டித் தென்காசி எலக்ட்ரிக் கடைக்குத் தூக்கிப் போய்விட்டேன்.

கடைக்காரரின் சோதனைப் பலகையில் வோல்ட்டுக்கு ஒன்று, ஆம்பியருக்கு ஒன்று என்று இரண்டு முள் மீட்டர்கள் இருந்தன.

“ஆச்சி, நாம எல்லாத்தையும் கரண்ட்டுன்னுதான் சொல்லுதோம். தள்ளுதது வோல்ட்டு, ஓடுதது ஆம்பியரு. வோல்ட்ட ஆம்பியரால வகுத்தா கம்பி எவ்வளவு மறிக்குதுன்னு தெரியும், அது ஓம். ரெண்டையும் பெருக்குனா வாட்டு, அடுப்போட சக்தி.”

இதே அடுப்புக்கான புதுக் கம்பிச்சுருளை முதலில் மாட்டினார். இருநூற்று முப்பது வோல்ட், ஐந்து ஆம்பியர். நாற்பத்தாறு ஓம், ஆயிரத்து நூற்றைம்பது வாட். அஞ்சாம் வகுப்போடு நின்றாலும் வாய்ப்பாடு என்னை விட்டுப் போகவில்லை, அக்கா!

அப்புறம் பழைய சுருள். வோல்ட் அதேதான். ஆம்பியர் பத்து! வகுத்தேன், இருபத்து மூன்று. சரிபாதி!

“பாதிக் கம்பி எங்கய்யா?”

“அறுந்திருக்கும் ஆச்சி. கருகுன நுனிய வெட்டி, மிச்சத்த இழுத்து மாட்டிருக்காவ. கம்பி கொறஞ்சா மறிப்பு கொறயும், ஆம்பியரு ஏறும். பழைய பியூசு தாங்குமா?”

உன் வீட்டில் எது கெட்டாலும் குறடு எடுத்துச் சரிசெய்கிற ஆள் சங்கரன் ஒருத்தர்தானே? நேரே அவர் கட்டிலுக்குப் போனேன்.

“சின்னத்தான், பாதிக் கம்பி எங்க?”

“எந்தக் கம்பி?”

“உங்க குறடு கடிச்ச கம்பி!”

முழித்தார். “நுனி கருகிச்சுன்னா வெட்டத்தான் செய்வேன். நல்லா செவந்து எரிஞ்சிதே!”

“ரெண்டாயிரத்து முந்நூறு வாட்டு! செவக்காம என்ன செய்யும்?”

“எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, சொர்ணம்.”

“பேரு வைக்க மட்டும் தெரியுமோ?”

பேச்சி சிரித்துவிட்டாள். புதுச் சுருள் போட்ட அடுப்பை அவளே மாட்டி, அவளே சுவிட்சைப் போட்டாள். விளக்கு அணையவில்லை, அக்கா! கம்பி மெல்லச் சிவந்தது. “மதினி இருந்தா...” என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார் உன் கொழுந்தன். என்ன சொல்ல வந்தாரோ?

நான் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. உன் திவசத்துக்குச் சொந்தபந்தம் அத்தனையும் வரும். “கம்பிய வெட்டுனது நாந்தான், மதினி மேல தப்பில்ல” என்று எல்லார் முன்னாலும் அவர் வாயாலேயே சொல்ல வைப்பேன். சொல்லாவிட்டால் அவருக்கு மட்டும் இலை கிடையாது. இது சத்தியம்.

நீ போன பிறகும் உனக்காகச் சண்டை போடும்
உன் தங்கச்சி,
சொர்ணம்