சிசரோ சுருக்கிய பேச்சு

என் அன்புக்குரியவருக்கு,

"இன்னா டீச்சரே, உங்க சிசரோ என்னைவிட ஜாஸ்தி பேசுவாரா?" என்று கல்யாணமான புதிதில் கேட்டீர்கள். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். கள்ளக்குறிச்சியில் மகள் வீட்டிலிருந்து இப்போது பதில் எழுதுகிறேன்.

நான் வகுப்பில் பாடம் நடத்திய அந்த சிசரோ, பேச்சாலேயே பழைய ரோமின் தலைமைப் பதவிக்கு வந்தவர். கடைசியில் பேச்சுக்காகவே கொல்லப்பட்டார். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது, சுருக்கிக்கொண்ட ஒரு பேச்சு. சிசிலித் தீவைக் கொள்ளையடித்த ஆளுநர்மேல் வழக்கு நடந்தது. எதிர்த்தரப்பு நாள் கடத்தப் பார்த்தது. வழக்கை நடத்திய சிசரோ நீண்ட உரையை விட்டுவிட்டு, உடனே சாட்சிகளைப் பேச வைத்தார். தீர்ப்புக்கு முன்பே ஆளுநர் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

மே தினக் கிராம சபையில் சுடுகாட்டுப் பாதைக்காக ஒன்றேகால் மணி நேரம் பேசினீர்கள். அருமையாகத்தான் பேசினீர்கள். அதற்குள் களையெடுக்கிறவர்கள் வேலைக்குப் போய்விட, தீர்மானத்தில் கையெழுத்துப் போட ஆள் போதவில்லை. அப்படிப் போனவர்களில் ஒருத்தியான இருசம்மாள் என்னிடம், "எம் மாமனார முட்டிச் சேத்துல தூக்கினு போனாங்க டீச்சர். அதச் சொல்லிட்டு கையெழுத்தும் போட்டிருப்பேன். உங்க வூட்டுக்காரரு முடிச்சாத்தானே!" என்றாள்.

இதை உங்களிடம் சொன்னதற்குத்தானே கோபித்துக்கொண்டீர்கள், நானும் இங்கே வந்துவிட்டேன்; சொன்னது என் தப்பா? ஊருக்கெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறவர், எனக்கு இரண்டு மாதமாக ஒரு போன்கூடப் போடவில்லை. எனக்கு உங்கள் குரல் இல்லாமல் சோறு இறங்கவில்லை.

சுதந்திர தினக் கிராம சபைக்கு வருகிறேன். எழுந்து உங்கள் பெயரை மட்டும் சொல்லுங்கள். மைக்கை இருசம்மாள் கையில் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்காருங்கள்.

உங்கள் டீச்சர்