சனிக்கிழமைத் தமிழ்

ஜெர்மனியின் வுப்பர்டாலில், முதியோர் இல்ல வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் புஸ்பவதி, தூங்கிக்கொண்டிருந்த மகளுக்குச் சீட்டு எழுதினாள்.

"கவிசா, சோறும் பருப்பும் ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கு. சூடாக்கிச் சாப்பிடு.

கனடாப் பூர்வகுடி எழுத்தாளரின்ர நாவலைப் பற்றி இங்கிலிஷ் வகுப்பில பேசி முழுப் புள்ளி எடுத்தது சந்தோசம். அந்தச் சனத்தின்ர மொழியைப் பள்ளிக்கூடத்தில அடிச்சுப் பறிச்சவை. அதுக்காக, 'என்ர தமிழை ஆர் பறிச்சது?' எண்டு நேற்று என்னோட கத்தினாய். உன்னை ஒருத்தரும் அடிக்கேல்லை. நீச்சலுக்குப் போகவெண்டு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நீதான் விட்டனீ."

காலில் சப்பாத்தைப் போட்டவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்: "விலகல் கடிதத்தில கையெழுத்துப் போட்டது நான்தான். சனிக்கிழமையில எனக்கும் நித்திரை வேணுமாயிருந்தது. வாசிக்க ஏலாட்டி அப்பாவைக் கேள்."

மாலையில் அவள் திரும்பியபோது, சீட்டின் பின்பக்கத்தில் கோணல் எழுத்தில் பதில் இருந்தது.

"அப்பாவை கேக்கேல்லை. நானே வாசிச்சன். ஒரு மனித்தியாலம் எடுத்தது. உங்களில இன்னும் கோவம்."

'மனித்தியாலம்' என்பதை 'மணித்தியாலம்' என்று திருத்தப் புஸ்பவதி பேனாவை எடுத்தாள். பிறகு மனம் மாறி, கீழே "சரி" என்று மட்டும் எழுதினாள்.