விருந்தாளிகளுக்கு நாம் எழுதிய மூன்று கடிதங்கள்

பல் பிடுங்கிய மரப்பு இன்னும் போகவில்லை. கண்டி டவுனில் கன்னத்தில் லேஞ்சித் துணியை அழுத்திப் பிடித்தபடி பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். கைபேசி சிணுங்கியது. பல் டொக்டரின் இடத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி: எங்கள் சேவை எப்படி இருந்தது? உங்கள் அனுபவத்தைப் பகிர்வீர்களா? கீழே ஐந்து நட்சத்திரங்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்திருக்கும்போல. பக்கத்தில் நின்ற பெண் கொஞ்சம் தள்ளிப் போனாள்.

இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வந்தது. எட்டு மாதமாகியும் எனக்கு இந்த வரிசை மாறவில்லை.

உன் பிள்ளைகள் இருவரும் வெளிநாடு போனபின் அலவத்துகொட வீட்டு மாடியில் மூன்று அறைகள் சும்மா கிடந்தன. அவற்றை வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினாய். வந்தவர்கள் எல்லாரும் "நைஸ், வெரி நைஸ்" என்றார்கள். சொல்லிவிட்டு, மூன்று நாள் தங்க வந்தவர்கள் மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஏனென்று உனக்கு விளங்கவில்லை. மூத்தவன் டோஹாவிலிருந்து அழைத்து, "உம்மா, இந்தத் தொல்ல போதும். வீட்டப் பூட்டிட்டு இங்க வந்திருங்க" என்றான். நீ வாழ்க்கைப்பட்டு வந்த வீடு அது. பூட்ட உனக்கு மனமில்லை. மறுநாள் காலையில் முதல் பஸ் பிடித்து என் வாசலில் வந்து நின்றாய்.

"சாந்தி, இவங்க ஏன் போறாங்கண்டு எனக்குத் தெரியணும். முகத்துக்கு நேரே செல்ல மாட்டாங்க. இங்லிஷ்ல ஒரு லெட்டர் எழுது. மரியாதயா, ஆனா விளங்குற மாதிரி."

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாம். நீ கல்யாணம் முடித்துப் போனாய். நான் கந்தோருக்குப் போய் வேலைக்காலம் முழுவதும் ஆங்கிலக் கடிதம் எழுதினேன். மரியாதைக்கும் தெளிவுக்கும் என்னைவிட ஆள் கிடையாது என்ற நினைப்பு எனக்கு.

வந்துபோனவர்கள் எல்லாருக்கும் ஈமெயிலில் முதல் கடிதம் எழுதினேன். தாங்கள் இவ்வில்லத்தில் தங்கியிருந்த காலம் தொடர்பான அவதானிப்புகளை ஏழு தினங்களுக்குள் எழுத்துமூலம் சமர்ப்பிக்குமாறு இத்தால் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். ஆங்கிலத்தில் இன்னும் கம்பீரமாக இருந்தது. 'ஹியர்பை' இரண்டு இடத்தில் வந்தது.

மறுநாளே கிளம்பிப் போயிருந்த ஓர் ஒல்லாந்துத் தம்பதியிடமிருந்து அன்றே பதில் வந்தது. பயந்துபோய் எழுதியிருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறோம், பூப்போட்ட பீங்கானை உடைத்தது நாங்கள்தான், பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டோம், மன்னியுங்கள். நீ மாடிக்கு ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாய். பொட்டலம் அங்கேயே இருந்தது.

"நான் கருத்துக் கேக்கச் சென்னேன். நீ கேஸ் போட்டுக் கோட்டுக்கு வரச் செல்லி எழுதி ஈக்கிறாய்!" என்று சொல்லிவிட்டு, உடைந்த பீங்கானை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து சிரித்தாய்.

இரண்டாவது கடிதம் நீ சொல்லச் சொல்ல நான் எழுதியது. மிகப் பணிவாக இருக்க வேண்டும் என்றாய். தேநீரில் சீனி கூடியிருந்தால் மன்னிக்கவும், நுளம்பு கடித்திருந்தால் மன்னிக்கவும், பக்கத்து வீட்டுச் சேவல் விடியுமுன் கூவியிருந்தால் அதற்காகவும் மன்னிக்கவும். ஒரு பக்கம் முழுக்க மன்னிப்புக் கேட்டோம். கேள்வி கேட்க மறந்துவிட்டோம். எல்லாரும் பெருந்தன்மையாக மன்னித்தார்கள். ஒரு ஜெர்மன்காரர் மட்டும், வீட்டில் எல்லாரும் நலம்தானா, ஏதும் துக்கமா என்று விசாரித்திருந்தார். ஏன் போனார்கள் என்பதை ஒருவரும் எழுதவில்லை.

மூன்றாவது கடிதம் உன் குசினியில் பிறந்தது. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை நீட்டிச் சொன்னாய்: "இங்க பாரு. கறில உப்பு சரியாண்டு உன்கிட்ட எப்பிடிக் கேக்குறேன்? 'உப்பு சரியா'ண்டுதானே? அதயே கேப்போம்."

நாலு வரி. எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு நன்றி. அடுத்து வருகிறவர்களை இன்னும் நன்றாகக் கவனிக்க விரும்புகிறோம். ஒரே ஒரு விஷயத்தை மாற்றச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்? இரண்டு வரி போதும், நேரமில்லாவிட்டால் பரவாயில்லை. இது கடிதமே இல்லை என்று நான் சண்டை பிடித்தேன். போனால் போகிறது என்று ஒரு 'ப்ளீஸ்' போட அனுமதித்தாய்.

ஒரே நாளில் கிளம்பிப் போன அயர்லாந்து ரீச்சர் ஒருவர் இரண்டு வரி எழுதவில்லை. ஒரு பக்கம் எழுதியிருந்தார். உன் குசினியில் நின்று நான் மனதுக்குள் வாசித்தேன். அன்றும் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த நீ, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"தலகாணி கொஞ்சம் கல்லு மாதிரின்னு சொல்றாங்க" என்றேன்.

"பொய் செல்றாய். தலகாணியச் செல்ல இவ்வளவு நீளமா எழுதுவாங்களா? ஒழுங்கா வாசி."

வாசித்தேன். வீடு அழகு, இவ்வளவு ருசியாக எங்கும் சாப்பிட்டதில்லை. ஆனால் கதவு பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தட்டப்பட்டது. தேநீர், பிறகு வாழைப்பழம், பிறகு வட்டிலப்பம், பிறகு வட்டிலப்பம் பிடித்ததா என்ற விசாரணை. நான் கொஞ்சம் தனியாக இருக்க வந்தவள். உங்கள் அன்பை மறுக்கத் தெரியாமல்தான் கிளம்பிவிட்டேன்.

நீ வெட்டிய வெங்காயத்தை அள்ளிச் சட்டியில் போட்டாய். இரண்டு நாள் என் அழைப்பை எடுக்கவில்லை. ஏன் வாசித்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் நீயே அழைத்தாய்.

"மணி ஒண்டு வாங்கி மாடில வெச்சிட்டேன். தேவையிண்டா அடிக்கட்டும். நான் ஏற மாட்டேன்."

ஏறாமல் இருந்தாயே, அதுதான் எனக்கு ஆச்சரியம். படிக்குக் கீழே கதிரையைப் போட்டு, மேலே பார்த்தபடி இருந்தாய். இரண்டு நாளாக ஒருவரும் மணி அடிக்காததால் அது வேலை செய்கிறதா என்று பார்க்க என்னை மேலே அனுப்பினாய். விருந்தாளிகள் நாலு நாள், ஐந்து நாள் என்று தங்கினார்கள். டோஹா போகும் பேச்சு நின்றது. மறு வருஷம் அயர்லாந்து ரீச்சர் தங்கையையும் அழைத்துக்கொண்டு வந்தார். வந்த அன்று மாலையே மணி அடித்தது. நீ தட்டோடு ஓடினாய். அவர் தட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உன்னை உட்காரச் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. உனக்கு ஆங்கிலம் அரைகுறை. நான் வந்து பார்த்தபோது மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தீர்கள். எதற்கென்று கடைசிவரை நீ சொல்லவில்லை.

நீ போனபின் நடந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். வத்தேகமயில் படிப்பிக்கிற என் மகள், முன்பெல்லாம் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகச் செய்தி அனுப்புவாள். கொஞ்சங் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் கட்டைவிரல் படம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வேலை கூடிவிட்டது என்று நினைத்திருந்தேன். உன் நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கு வந்து திரும்பும் வழியில், பஸ்ஸிலேயே அவளுக்கு அந்த நாலு வரியை எழுதினேன். நன்றியில் தொடங்கி, அதே ஒரு கேள்வி. அம்மாவிடம் ஒன்றை மாற்றச் சொன்னால் எதைச் சொல்வாய்?

ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது. "அம்மா, நான் எழுதினதைத் திருத்தித் திருப்பி அனுப்பாதீங்க. பதில் எழுதுங்க."

நான் அப்படியா செய்கிறேன் என்று பழைய செய்திகளைத் தேடினேன். அப்படியேதான் செய்திருந்தேன். காய்ச்சலாகக் கிடக்கிறேன் என்று அவள் எழுதியதற்குக்கூட, ஒரு வினைச்சொல்லை மாற்றி அனுப்பியிருந்தேன். நீ ஏன் இரண்டு நாள் அழைப்பை எடுக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கேட்பதற்கு நாலு வரி போதும். வந்த பதிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு எனக்குப் பக்கத்தில் நீ வேண்டியிருந்தது.

மகள் இப்போது மறுபடி நீளமாக எழுதுகிறாள். நேற்று வந்ததில் ஆறு பிழை. எண்ணுவதை மட்டும் இன்னும் விட முடியவில்லை. எண்ணி முடித்துவிட்டு, பேரனுக்குப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா என்று கேட்டு எழுதினேன்.