சுவரில் உள்ள ஓட்டைகளை மூடாதே, கிரேம்

கிரேம்,

என் மூக்கை எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நேற்று டெஸ் தலையால் முட்டியதில் எலும்பு உடைந்திருக்கும் போலிருக்கிறது. அவளைப் பள்ளியிலிருந்து ஒரு மணிக்கே கூட்டி வா. இரண்டு மணிக்குத் தெரபிஸ்ட் பிலிப்பா வருகிறாள். அவள் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் அடுத்த வருஷம் டெஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் தெரபி என்று முடிவாகும்.

தயவுசெய்து வீட்டை ஒழுங்குபடுத்தாதே. போன தடவை அவள் வந்தபோது, டெஸ் சுவரில் தலையால் முட்டிப் போட்ட ஓட்டைகள் மேல் காலண்டரை மாட்டிவிட்டு, "எங்க பொண்ணு தங்கம், நாங்களே சமாளிச்சுக்குவோம்" என்று மார்தட்டினாய். தெரபி நேரத்தில் பாதியை வெட்டிவிட்டார்கள். அவள் கடிப்பதற்கு அறிக்கையில் "வாய்வழி உணர்வுத் தேடல்" என்று பெயர். தேடியதில் என் தோளில் பதினொரு பல் தடம் கிடைத்தது. டெஸ் உடைத்த தட்டுகள் வாளியில் இருக்கின்றன, கொட்டிவிடாதே.

பக்கத்து வீட்டுக்காரன் இலை ஊதும் மெஷினைக் கிளப்பினால் அந்தச் சத்தத்தை டெஸ் தாங்கமாட்டாள், உடனே அவளுக்குக் காதுமூடியை மாட்டிவிடு. நேற்று நான் தாமதித்ததுதான் வினை. அவளுக்கு மீன் துண்டுகள் ஃப்ரிட்ஜில். தட்டில் ஒன்றையொன்று தொடக் கூடாது.

"நீ பெயிண்ட் அடிக்கத்தான் லாயக்கு" என்று நான் உன்னைச் சொன்னது சொன்னதுதான்.

மெரின்

பி.கு. ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் உன் தோள் உயரத்தில் ஓர் ஓட்டை இருக்கிறதே, அது டெஸ் போட்டதில்லை. எட்டு வயசுக்காரியின் தலை அவ்வளவு உயரத்துக்கு எட்டாது. செவ்வாய்க்கிழமை நான் குத்தியது. டெஸ் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தன் காதுமூடியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள்.

பிலிப்பாவிடம் அந்த ஓட்டையையும் காட்டு.