கல்லில் ஏழு பெயர்

நெல்லிவாசல் நாடு
5-1-2026

அன்புள்ள மாமாவுக்கு,

அன்பரசி எழுதுவது. நானும் சரிதாவும் நலம். சாமை அறுத்து வீடு சேர்த்தாயிற்று. புருஷன் விலாசத்தை ஓசூர் போய்வரும் ஆனந்தன் அண்ணனிடம் கெஞ்சி வாங்க வேண்டிய நிலைமை எனக்கு. போன் நம்பரை மாற்றிக்கொண்டால் பெண்டாட்டி மறந்துவிடுவாள் என்று நினைத்தீர்களா?

போன மாசியில் உங்களோடு வேலைக்குப் போன இடத்தில், சந்தையில் தீவிரவாதிகள் வைத்த குண்டுக்குச் செத்துப்போன ஆறு பேருக்கும் ஊர் சேர்ந்து கல் நடுகிறது. சந்தவாசல் கல்தச்சருக்குப் பெயர் எழுதிக் கொடுக்கச் சோம்பல்பட்டு, மேஸ்திரியாக நீங்கள் எழுதிவைத்திருந்த ஆள் பட்டியலையே கொடுத்துவிட்டார்கள். அவர் ஏழு பெயரையும் வெட்டிவிட்டார். முதல் பெயர் உங்களுடையது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெயர் வெட்டிய கல்லில் மறுபடி உளி படக்கூடாது. உயிரோடிருப்பவர் ஊர் முன்னால் வந்து நின்று, தன் பெயரைத் தன் கையால் சுண்ணாம்பு வைத்து மூட வேண்டும். மாசி பத்து, ஞாயிற்றுக்கிழமை கல் நடுகிறார்கள். ஆறு உடல்களையும் அடிவாரத்தில் விட்டுவிட்டு மலையேறாமல் போனவர் நீங்கள். இப்போதாவது வாருங்கள்.

அன்பரசி

ஓசூர்
19-1-2026

அன்பரசிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே வேலை பரவாயில்லை. சரிதாவுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கி ஆனந்தனிடம் கொடுத்திருக்கிறேன்.

கல் இருக்கிறபடியே இருக்கட்டும். ஆறு பேரைக் கூட்டிப்போனவன் ஒண்டியாக எந்த முகத்தோடு ஏறி வருவது? அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். "சரிதா பாப்பாவுக்கு ஒரு கவுன் பாத்து வாங்கினு வாடா" என்று சின்னராஜை அனுப்பியது நான்தான். மற்ற ஐந்து பேரும் அவனுக்காகத் துணிக்கடை வாசலில் நின்றார்கள். குண்டு அங்கேதான் வெடித்தது. இதை யாரிடமும் சொல்லாதே. அவனுடைய அம்மா முகத்தில் என்னால் முழிக்க முடியாது.

வெட்டிய பெயர் சரிதான் என்று ஊர்க்கவுண்டரிடம் சொல்லிவிடு.

வெற்றிவேல்

நெல்லிவாசல் நாடு
2-2-2026

மாமாவுக்கு,

பை வந்தது. சரிதா தூங்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை.

சொல்லாதே என்றீர்கள், சொல்லிவிட்டேன். சின்னராஜின் அம்மா கன்னியம்மாள் அத்தைக்கு உங்கள் கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டினேன். திட்டுவதென்றால் திட்டுங்கள். அத்தை கடைசிவரை கேட்டார். பிறகு, "அவன் இன்னாடி, குண்டா வெச்சான்? வூட்டுக்கு வரச் சொல்லு" என்றார். எழுந்து போகும்போது, "இன்னா கலர் கவுனு வாங்கினான்?" என்று கேட்டார். 

நீங்கள் வராவிட்டால் கல்லுக்கு முன்னால் ஏழு இலை போடுவார்கள். அந்தந்த வீட்டுப் பெண்தான் இலையில் சோறு வைக்க வேண்டும். உங்கள் இலையில் சோறு வைத்த பிறகு நான் யார்? கழுத்தில் தாலியை வைத்துக்கொண்டு அந்த வேலையை என்னால் செய்ய முடியாது. உங்கள் மேல் கோபம் இருக்கிறது. அதைவிடப் பயம் அதிகமாக இருக்கிறது.

அன்பரசி

நெல்லிவாசல் நாடு
24-2-2026

மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கல் நட்டாயிற்று. கடைசி ஜீப் வரும்வரை ஊரே காத்திருந்தது. அதில் மளிகைக்கடை சாந்தம்மாள்தான் இரண்டு மூட்டை உப்போடு வந்து இறங்கினார்.

கவுண்டர் ஏழாவது இலையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. கன்னியம்மாள் அத்தை எழுந்துபோய்ச் சுண்ணாம்புக் கிண்ணத்தை எடுத்தார்.

"அவனே வந்துதான் மூடணும்க்கா. அதான வழக்கம்?" என்றார் கவுண்டர்.

"புள்ளைய குடுத்தவ நானு. செத்தவன் யாரு, இருக்கறவன் யாருன்னு எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு உங்கள் பெயரை ஒரு எழுத்து விடாமல் மூடினார். கவுண்டர் ஏழாவது இலையை மடித்து ஓரமாக வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து சின்னராஜ் இலையில் சோறு வைத்தார். அப்போதுதான் அழுதார். ஆறு இலைதான் போட்டோம்.

ஆகவே, மாமா, நீங்கள் உயிரோடிருக்கிறீர்கள் என்று ஊர் ஒத்துக்கொண்டுவிட்டது. செத்தவர் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இனி இடமில்லை. வராமலே இருந்தால், பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுப் போனவர் என்றுதான் அதற்கு அர்த்தம். அதை நான் தாங்கிக்கொள்வேன். அத்தைக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

அன்பரசி